டச்சுச் சொல்லின் நடுவே ஒரு 'ன்'

டச்சு கற்பவர்களை முதலில் மிரட்டுவது பன்மை. ஆனால் அதன் அடியில் இருப்பது நமக்குப் பழகிய குறில், நெடில்தான். நிலவு 'மான்'. நெடில் என்பதால் உயிரெழுத்தை இரண்டு முறை எழுதுகிறார்கள். 'மானென்' என்று பன்மையானதும் ஒன்றே போதும், ஏனெனில் அசை உயிரில் முடிகிறது. ஆண் 'மன்'. அந்தக் குறிலைக் காக்க 'மன்னென்' என்று மெய் இரட்டிக்கிறது. ஓசை மாறாதிருக்கவே எழுத்து மாறுகிறது! இது பிடிபட்டால் பெரும்பாலான பன்மைகளுக்கு மனப்பாடம் வேண்டாம்.

பெயரடையில், 'ஒரு பெரிய வீடு' என்றால் 'க்ரோட்'. 'அந்தப் பெரிய வீடு' என்றால் 'க்ரோட்டெ'. இந்த 'எ' விகுதி உதிர்வது, 'ஹெட்' என்ற சுட்டை ஏற்கும் பெயர்கள் குறித்துச் சுட்டப்படாத ஒருமையில் வரும்போதுதான், பெரும்பாலும்.

எனக்கு மிகவும் பிடித்தது கூட்டுச்சொல். 1995 எழுத்துச் சீர்திருத்தத்தில் 'பன்னெகூக்' என்ற அப்பம் 'பன்னென்கூக்' ஆனது. அதன் முதற்பகுதியான சட்டியின் பன்மை 'பன்னென்' அல்லவா? நிலவொளியைக் குறிக்கும் சொல்லுக்கோ அந்த 'ன்' கிடையாது. வானில் நிலவு ஒன்றுதானே! என்ன நுட்பமான விதி! சீமைக் காட்டுமுள்ளங்கிப் பூவை அவர்கள் குதிரைப்பூ என்பார்கள். விலங்கின் பெயரும் செடியின் பெயரும் சேர்ந்தது என்று 1995-இல் அதற்கு விலக்கு தந்தார்கள். 2005-இல் விலக்கை நீக்கி, அதற்கும் ஒரு 'ன்' சேர்த்தார்கள்.