பெட்டிமேல் எழுதிய வெண்பா

தமிழ்த்துறைச் சிறப்பு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பணித்தபோது, யான் இலக்கியம் குறித்தே எழுதுவேன் என்று என் பேராசிரியப் பெருமக்கள் எண்ணியிருக்கக்கூடும். எழுத அமர்ந்ததோ ஒரு பால்கோவாப் பெட்டியைப் பற்றி. தமிழ் படித்தவன் வணிகத்துள் நுழைந்து பட்ட பாடு முழுதும் அப்பெட்டியில் அடங்கியிருக்கின்றது.

1996-ஆம் ஆண்டு. முதுகலைத் தமிழ் முடித்து, இராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாகப் பணியாற்றி வந்தேன். அரைமணிப் பேருந்துப் பயணத்தில் உள்ள திருவில்லிபுத்தூரிலிருந்து இனிப்புக்கடை அண்ணாச்சி ஒருவர் எங்களை நாடி வந்தார். பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்த்து விறகடுப்பில் கிண்டும் பால்கோவா அவ்வூரின் அடையாளம். அதில் குங்குமப்பூவும் முந்திரியும் சேர்த்து, தீபாவளிக்குப் பரிசுப் பெட்டியாக அறிமுகம் செய்ய அவர் விரும்பினார். அதற்காகத் தம் மனைவியாரின் வளையல்களை அடகு வைத்திருந்தார் என்பது எனக்குப் பின்னரே தெரியவந்தது.

பெட்டியின் வடிவமும் வாசகமும் என் பொறுப்பாயின. என் கற்பனை கரை புரண்டது. கலசம் போன்று இடை சிறுத்த பெட்டி, அதன்மேல் முழுநிலவு, நிலவின் கீழே யானே யாத்த நேரிசை வெண்பா. இரண்டாயிரம் பெட்டிகள் சிவகாசியில் அச்சாகி வந்தன. புதுச் சுவையை விற்பனைக்குமுன் கடைக்கு வந்தோரிடம் சிறிது சிறிதாகக் கொடுத்துக் கருத்தும் கேட்டோம். ஏறத்தாழ அனைவரும் நன்று என்றே கூறினர்.

தீபாவளி கழிந்தபோது இருநூறு பெட்டிகள்கூட விற்றிருக்கவில்லை. கலசம் பேருந்து இருக்கையில் நிற்க மறுத்து உருண்டது. பையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் இயலவில்லை. கொழுப்புக் கசிந்து என் வெண்பாவின் ஈற்றடியில் எண்ணெய்க் கறை படர்ந்தது. நன்று என்று கூறியவர்களோ, பணம் எடுக்கும்போது, "வழக்கமானதே அரைக்கிலோ கொடுங்கள்" என்றனர்.

பெரிய நிறுவனங்களும் இத்தகைய சறுக்கலுக்கு விலக்கல்ல என்பதைப் பின்னாளில் படித்து ஒருவாறு ஆறுதல் கொண்டேன். அமெரிக்காவின் கொக்கோ கோலா நிறுவனம் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லி, 1985 ஏப்ரல் 23 அன்று தன் பானத்தின் சுவையையே மாற்றியது. மக்கள் கொதித்தெழுந்தனர். 79 நாட்களில், ஜூலை 11 அன்று, பழைய சுவை மீண்டு வரும் என அறிவிக்க நேர்ந்தது. ஒரு மிடறு சுவைத்துப் பார்ப்பவரும் வீட்டிற்கு வாங்கிச் செல்பவரும் ஒரே மனிதராயினும், அவ்விரு வேளைகளிலும் அவர் வேண்டுவது ஒன்றன்று. வாடிக்கையாளரைக் கேள் என்பது எளிது. எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்பதில்தான் இடர்ப்பாடு.

அண்ணாச்சி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தம் கல்லாவின் அருகே ஒரு முக்காலியைப் போட்டு, "தம்பி, ஒரு நாள் இங்கே சும்மா உட்காருங்கள்" என்றார். காலை முதல் இரவு வரை அமர்ந்திருந்தேன். நிலவைப் பற்றி எவரும் பேசவில்லை. "இன்று கிண்டியதா? எத்தனை நாள் தாங்கும்? பையின் அடியில் வைத்தால் நசுங்குமா? நான்கு வீட்டிற்குக் கொடுக்க வேண்டும், கால் கிலோவாகப் பிரித்துத் தருவீர்களா?" இக்கேள்விகளே மீண்டும் மீண்டும் எழுந்தன. அங்கு வாங்குவோருள் பெரும்பாலோர் உண்பதற்காக வாங்குவோர் அல்லர். ஊருக்குச் சுமந்து செல்வோர். இவ்வளவு வெளிப்படையான செய்தி என் கண்ணில் படாமற் போனதே என்று நாணினேன். (அவர்களுடைய கேள்விகளில் ஒன்றைப் பின்னர் அரசே கேட்டது: பொட்டலமிடாது விற்கும் இனிப்புகளுக்கும் எந்நாள் வரை உண்ணத் தக்கது எனக் குறிக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.)

பொங்கலுக்கு வேறு பெட்டி செய்தோம். தட்டையான கால்கிலோப் பெட்டி, உள்ளே வெண்ணெய்த்தாள், மேலே கிண்டிய நாளை முத்திரையிட ஒரு கட்டம், அதன்கீழ் '................ வீட்டிற்கு' என்று, பெயர் எழுத ஒரு வெற்றிடம். உள்ளே பழைய பால்கோவாவேதான். அவ்வெற்றிடம் ஒன்றே என் கற்பனையின் பங்கு. வெண்பாவைவிட அதற்கு நான் அதிகம் உழைத்தேன் என்றால் மாணவத் தம்பியர் நம்பமாட்டார்கள். அப்பெட்டிகள் பொங்கலுக்குள் தீர்ந்தன, மீண்டும் அச்சிட்டோம். வளையல்கள் மீள மட்டும் மேலும் ஓராண்டு ஆயிற்று. 2019-இல் அவ்வூர்ப் பால்கோவாவிற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, குங்குமப்பூவை மறுத்த அந்த வாடிக்கையாளர்களையே நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில், இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலிருந்து மருத்துவக் கட்டுத்துணிக்கு உறை அச்சிடும் பணி ஒன்று வந்தது. அங்கே தறிகளில் நெய்யப்படும் துணி பல ஊர் மருத்துவமனைகளுக்குச் செல்கின்றது. இம்முறை நான் பூவும் கொடியும் வரையவில்லை. அகலமும் நீளமும் தொலைவிலிருந்தே தெரியும்படி பெரிய எழுத்தில் அமைத்தேன். செவிலியர் அவசரத்தில் தேடுவது அதைத்தானே!

ஆயினும் வெண்பாவை விட்டுவிட மனம் ஒப்பவில்லை. மூன்றாம் முறை பெட்டி அச்சிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். அண்ணாச்சி சற்றுச் சிந்தித்து, "தேதி வெளியே இருக்கட்டும் தம்பி, உங்கள் பாட்டு மூடிக்கு உள்ளே இருக்கட்டும்" என்றார். அவ்வாறே அச்சிட்டோம். இரண்டு திங்கள் கழித்துக் கடை முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். பால்கோவா அருமை என்றும், மூன்றாம் அடியில் தளை தட்டுகின்றது என்றும் குறித்திருந்தார். சரிபார்த்தேன், தட்டத்தான் செய்தது.