நூறு ரிங்கிட் கூடாரம்: வட சிலாங்கூர் நாட்குறிப்பு

மார்ச் 9, பெஸ்தாரி ஜெயா

முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய பெஸ்தாரி ஜெயாவை ஒட்டியுள்ள தென்னமரம் தோட்டம், 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபொக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கிய இடம் என்பதால் வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. மலிவு விலையில் முகாம் பொருள் வாங்குவோரின் பட்டறிவை ஆராயப் புகுவோருக்கும் இத்தகைய தோட்டங்களே தொடக்கப் புள்ளி. இன்று மலையேறுவோர் விரும்பி வாங்கும் மிக மலிவான காலணி இவற்றின் வேலைக்களங்களிலிருந்தே வெளியே வந்தது.

மலேசியர் 'அடிடாஸ் கம்போங்' என்று அழைக்கும் அந்தக் காலணி ரப்பரை அச்சில் வார்த்துச் செய்யப்படுவது. அடிப்பாகத்தில் காற்பந்துக் காலணிக்கு உள்ளவை போன்ற குமிழ்களைக் கொண்டது. பெயரில் வரும் ஜெர்மானிய நிறுவனத்தோடு யாதொரு தொடர்பும் இல்லாதது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவோரும் செம்பனைக் குலை அறுப்போரும் சேற்றில் வழுக்காமல் நடப்பதற்காக அணிந்த இதனைக் கினபாலு மலையில் சுமை தூக்குவோரும், பின்னர் மலையோட்டப் போட்டியாளரும் எடுத்துக்கொண்டனர். சிற்றூர்க் கடைகளில் பெரும்பாலும் இருபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் ஒரு பொருள், பல நூறு ரிங்கிட் விலையுள்ள காலணிகளோடு ஒப்பிட்டுப் பேசப்படும் நிலைக்கு இவ்வாறே வந்தது. வாங்கியோர் சொல்வதிலும் பெரிய வேறுபாடு இல்லை: ஈரக் களிமண்ணில் பிடி உறுதியாக இருக்கும், ஆற்றைக் கடந்தபின் துடைத்தால் காய்ந்துவிடும், ஆனால் தடித்த காலுறை அணியாமல் நெடுந்தூரம் நடந்தால் குதிகால் கொப்புளித்துவிடும், ஆகவே வழக்கமான அளவைவிட ஓர் எண் பெரிதாக வாங்க வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபின், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புகளில் குடியேறிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை, வார இறுதியில் காட்டோரம் தங்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்டு, தாத்தா வேலைக்கு அணிந்ததையே கடையில் தேடி வாங்குவது சற்று வேடிக்கையான சுற்றுவழிதான். ஆயினும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெயில் ஏறுமுன்பே மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே நிரைக்குள் இறங்கிய தொழிலாளி, தன் காலணியையும் விளக்கையும் நாள்தோறும் சோதித்தார். உதவாத பொருள் ஒரு மாதத்தில் கடையை விட்டு மறைந்தது. பொழுதுபோக்குப் பொருளை ஆண்டுக்கு இருமுறை வெளியே எடுப்போர் அத்தகைய சோதனையைச் செய்வதில்லை. மலிவுப் பொருள் பற்றிய தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

ஏப்ரல் 20, கோலா சிலாங்கூர்

2025 பிப்ரவரியில் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. 26 வேலைநாள் என்று வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட் வரும். நான்கு பேருக்கு உரியது என்று இரவுச் சந்தையில் விற்கப்படும் கூடாரம் நூறு ரிங்கிட் என்றால், அது ஒரு தொழிலாளியின் ஒன்றரை நாள் கூலி. ஒரு பருவத்தில் கிழிந்தால் மறுபடியும் அதே கூலி. பல நூறு ரிங்கிட் கூடாரத்தை ஒரே தவணையில் வாங்க இயலாதவருக்கு நூறு ரிங்கிட் கூடாரம் அறியாமையால் வரும் தேர்வன்று, கையிருப்பால் வரும் தேர்வு. அதை எள்ளி நகையாடும் 'அனுபவசாலிகள்' இதை மறந்துவிடுகின்றனர். 'நான்கு பேர்' என்பது தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் நால்வரைக் குறிப்பதென்றும், பைகளையும் பாத்திரங்களையும் உள்ளே வைத்தால் இருவருக்கே இடமுண்டு என்றும் முதல் இரவிலேயே தெரிந்துவிடும்.

ஏப்ரலும் மேயும் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களாதலால் பிற்பகல் இடிமழை இங்கு வழக்கம். கூடாரத்தைப் பற்றிய முறையீடுகளில் பெரும்பாலானவை இம்மழையோடு தொடர்புடையவை. கூடாரத் துணி நீரைத் தடுக்கும் திறன் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. துணியின் ஒரு பக்கத்தில் நீரழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, மறுபக்கம் மூன்று இடங்களில் துளி அரும்பும்போது இருந்த நீர்த்தம்பத்தின் உயரமே அந்த எண், 1,500 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கியது என்று பொருள். மேலிருந்து விழும் மழையைவிட, ஈரத்தரையில் மண்டியிடும் மனிதரின் முழங்கால் துணிக்குத் தரும் அழுத்தம் பன்மடங்கு பெரிது என்பதால், கூரைக்குப் போதுமான எண் தரைக்குப் போதாது. தரைக்கு 3,000 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. மலிவுக் கூடாரங்களின் சீட்டில் ஓர் எண் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். அது கூரைக்கு உரியதா, தரைக்கு உரியதா என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிராது. அந்த எண் தையல் இல்லாத புதுத் துணியை அளந்து பெறப்படுவது. ஊசி துளைத்த இடத்துக்கு அது பொருந்தாது. தையலின் உட்புறம் நீர்காப்பு நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே விரித்துப் பார்ப்பது, எண்ணை நம்புவதைவிடப் பயனுள்ளது. கூடாரத்தின் அடியில் கித்தான் விரிப்போர் அதன் ஓரங்கள் கூடாரத்துக்கு வெளியே நீளாதபடி மடித்துவிட வேண்டும். நீண்டால் கூரையிலிருந்து வழியும் நீரை அதுவே ஏந்தி அடியில் சேர்க்கும்.

ஒழுகியது என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி ஒழுக்கே அன்று. ஒற்றைத் துணிக் கூடாரத்தில் உறங்குவோரின் மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த கூரையில் படிந்து துளியாகி விழுகிறது. உள்ளே வலைத்துணியும் வெளியே மழைக்கூரையும் கொண்ட இரட்டை அமைப்பில் இது பெரிதும் குறையும். கூடாரத்தோடு சேர்த்து இலவசமென்று தரப்படும் உறக்கப்பை பற்றி ஒரு சொல் போதும்: கடலோர இரவில் வெப்பநிலை 22 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிதாக இருக்கும் இவ்வட்டாரத்தில் ஒரு கைலி அந்த வேலையைச் செய்துவிடும்.

மே 4, ராஜா மூசா

ராஜா மூசா, சுங்கை காராங் ஆகிய வனக்காப்பகங்கள் அடங்கிய வட சிலாங்கூரின் சதுப்புக்காடு, மலாயில் 'தானா காம்புட்' எனப்படும் மண்ணின்மேல் நிற்பது. முழுமையாக மக்காத மரமும் இலையும் நீரில் ஊறிக் காலங்காலமாகச் சேர்ந்த மண் அது. கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் இம்மண்ணில் நிற்கமாட்டா. முழங்கை நீள மரமுளை சீவி அடிப்பதே இதை அறிந்தோர் வழக்கம். அதற்குக் காசு தேவையில்லை. நெருப்பு பற்றிய எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. இந்த மண்ணே எரியக்கூடியதாதலால், வறண்ட மாதங்களில் மேலே அணைந்ததாகத் தோன்றும் தீ அடியில் வாரக்கணக்கில் கனன்று புகையும். ராஜா மூசா பகுதியில் இத்தகைய தீ பலமுறை மூண்டிருக்கிறது. இங்கு விறகடுப்பு கூடாது. வாயுக்குப்பி அடுப்பு சிக்கனமாகவும் பொறுப்பாகவும் அமைவது இவ்விடத்தில்தான். அதையும் கூடாரத்துக்குள் மூட்டலாகாது, மூடிய இடத்தில் எரியும் அடுப்பு மணமற்ற நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடைச் சேர்த்துவிடும். வனக்காப்பகத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 21, சிகிஞ்சான்

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையின் மேல் இரவில் உருவாகி, விடியலுக்குச் சற்று முன்போ பின்போ மேற்குக் கரையைத் தாக்கும் காற்றும் மழையும் சேர்ந்த வரிசைப் புயலை வானிலையாளர் 'சுமத்ரா' என்பர். அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. தெளிந்த வானத்தை நம்பிச் சிகிஞ்சானின் ரெடாங் கடற்கரை மணலில் கூடாரம் அடித்தவரை அது உறக்கத்திலேயே பிடித்துக்கொள்கிறது.

மலிவுக் கூடாரங்களின் வளைகோல்கள் கண்ணாடியிழையால் ஆனவை. கண்ணாடியிழை அளவுக்கு மிஞ்சி வளைந்தால் நீளவாக்கில் பிளந்து, கைக்குள் ஏறும் சிம்புகளாக உதிரும். அலுமினியக் கோலோ மடங்கும், மடங்கியதை நிமிர்த்தி ஓர் இரவைக் கடத்தலாம். ஆயினும் கோல் முறிந்தது என்று முறையிடுவோரிடம் இழுகயிறுகள் கட்டப்பட்டனவா என்று கேட்டால், அவை பையிலேயே இருந்தன என்ற விடையே மிகுதியும் கிடைக்கும். காற்று வீசிவரும் பக்கத்தில் கயிறு இழுத்துக் கட்டி, மணலில் முளைக்குப் பதிலாக மணல் நிரப்பிய பையைப் புதைத்தால், நூறு ரிங்கிட் கூடாரமும் இக்காற்றுக்குப் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். டெக்கத்லோன் நிறுவனம் 2005இல் கூச்சுவா என்ற பெயரில் வெளியிட்ட, வீசினால் தானே விரியும் கூடாரத்துக்குப் பிறகு அதைப் போன்ற மலிவுப் படிகள் சந்தையில் பெருகின. அவற்றை விரிப்பது எளிது. மழை வரும்போது வளையத்தை எட்டு வடிவில் முறுக்கி மீண்டும் பைக்குள் அடைப்பது, வீட்டில் பழகிப் பார்க்காதவருக்கு எளிதன்று.

ஜூலை 26, கம்போங் குவாந்தான்

மலிவு விளக்குகளைப் பொறுத்தவரை ஏமாற்றம் மின்கலத்திலிருந்து தொடங்குகிறது. 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உடையதால் 18650 எனப்படும் லித்தியம் கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர்-மணி என்ற அளவிலேயே நிற்பது. 9,900 என்று அச்சிட்ட கலம் கையில் கிடைத்தால், அந்த அச்சே அதன் தரத்தைச் சொல்லிவிடுகிறது. ஒளியின் அளவான லூமன் எண்ணும் இவ்வாறே ஊதிப் பெருக்கப்படுவதுண்டு. ஐபிஎக்ஸ்4 என்ற குறி எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதையும், ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதையும் காட்டுவன. குறியே இல்லாமல் 'நீர்ப்புகா' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு எந்த அளவுகோலும் இல்லை.

சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஒருசேர மின்னும் மின்மினிகள் இணையை அழைப்பதற்கே ஒளிர்கின்றன. வெள்ளொளி அந்த அழைப்பைக் குலைக்கும் என்பதால் படகில் பளிச்சிடும் ஒளியுடன் படமெடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. இக்கரையில் தங்க விரும்புவோருக்குச் சிவப்பொளியும் மங்கலொளியும் உடைய விலை குறைந்த தலைவிளக்கு, ஆயிரம் லூமன் விளக்கைவிட மேலான பொருள்.

அக்டோபர் 12, புக்கிட் ரோத்தான்

நல்ல பொருளும் இங்கு அலமாரியில் கிடந்தே கெடுகிறது என்பது, மலிவு குறித்த பேச்சில் போதிய இடம் பெறாத செய்தி. துணிக்கு நீர்காப்பாகப் பூசப்படும் பாலியூரித்தேன், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் நீரால் சிதைந்து பிசுபிசுத்து, புளித்த வாடை வீசி உதிர்கிறது. குளிர்நாட்டில் நெடுங்காலம் நீடிக்கும் பூச்சு இங்கு அதைவிட முன்னதாகவே அழிகிறது. ஈரத்தோடு சுருட்டிக் காரின் பின்பெட்டியில் விட்ட கூடாரத்துக்கு இந்தக் கேடு விரைந்து வரும். ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருள்களை விற்கும் பண்டல் கடைகளில் உயர்தரக் கூடாரமும் மழைச்சட்டையும் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பது உண்மை. அங்கு வாங்குவோர் கண்ணைவிட மூக்கையும் விரலையும் நம்புவது நல்லது. உட்புறம் ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. பூச்சே இல்லாத தார்ப்பாயும் கொசுவலையும் பழைய முறையாயினும், இவ்வீரத்தில் அவற்றுக்குச் சிதைய ஏதுமில்லை.

டிசம்பர் 16, பத்தாங் காலி

கோவிட் நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளுக்குப் பின் 2021 அக்டோபர் 11இல் மாநிலங்களுக்கு இடையிலான பயணம் திறந்துவிடப்பட்டதும், முகாம் செல்வது நாடெங்கும் பெருகிற்று. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் உலு சிலாங்கூர் மாவட்டத்தின் பத்தாங் காலியில் ஒரு முகாம் திடல்மீது மலைச்சரிவு இறங்கி 31 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அத்திடலுக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்பது பின்னர் அதிகாரிகளால் தெரிவிக்கப்பட்டது. துணியின் மில்லிமீட்டரையும் கோலின் உலோகத்தையும் ஆராய்வோர் கேட்கத் தவறும் கேள்வி இடத்தைப் பற்றியது. சரிவின் அடிவாரத்தில் விலை உயர்ந்த கூடாரமும் மலிவுக் கூடாரமும் ஒன்றே. மேல்நிலத்தில் பெய்த மழையால் ஆறு திடீரெனப் பெருகும் 'கெப்பாலா ஆயர்' வரக்கூடிய ஆற்றங்கரைகளுக்கும் இது பொருந்தும். திடலின் உரிமத்தைப் பற்றி நகராண்மைக் கழகத்தில் விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்புக்கு மேல் செலவில்லை.

ஜனவரி 4, கோலா சிலாங்கூர்

மலிவு விலையில் வாங்கியதால் முறையிடும் உரிமை இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; அது தவறு. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் பாதுகாப்பானதாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்பதை ஏற்கத்தக்க தரத்தின் பகுதியாகவே கொள்கிறது. விலையும் அத்தரத்தை அளக்கும்போது கருதப்படுமேயன்றி, குறைந்த விலை உரிமையைப் பறிப்பதில்லை. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது ஏற்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதி இணையப் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு வரி விதிக்கப்படுவதால், வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைப்பதன் விலை நயம் முன்போல் இல்லை. அத்தகைய விற்பனையாளரைப் பின்தொடர்வதும் கடினம். உள்ளூர்க் கடையில் சில ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பது அந்த வகையில் வீணன்று.

வெப்பத்தாளில் அச்சாகும் இரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்க. புதுக் கூடாரத்தை வீட்டு முற்றத்தில் ஒரு முழு மழைக்கு நிறுத்தி, தையலைத் தடவிப் பார்த்த பின்னரே வெளியூருக்கு எடுத்துச் செல்க.