என்ன ஜாதி நாய் இது?

தலைப்பைப் பார்த்து சண்டைக்கு வந்துவிடாதீர்கள் நண்பர்களே. நிஜமாகவே நாயைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் :-) எங்கள் தெருவில் நாயின் இனத்தைக் கேட்க வேறு வார்த்தை கிடையாது. ஒன்று தெருநாய், இல்லாவிட்டால் ஜாதி நாய். அவ்வளவுதான்.

அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறார். போன ஐப்பசியில் ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிந்து தாராபுரம் ரோட்டில் சைக்கிளில் வரும்போது ஒரு நாய் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறது. கழுத்தில் அறுந்த கயிறு. உடம்பெல்லாம் கருப்பு. கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டு, வாயோரம், நெஞ்சு, கால்கள் மட்டும் செம்பழுப்பு. விலா எலும்பை எண்ணிவிடலாம். அம்மா பார்த்ததும் "சோறு கண்டு எத்தன நாளாச்சோ" என்று தட்டை எடுத்துவிட்டார். பனியன் வேஸ்ட் மூட்டை மேல் ஏறிச் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது.

யாராவது தேடி வருவார்கள் என்று டீக்கடை, மளிகைக்கடை எல்லா இடத்திலும் சொல்லி வைத்தோம். மூன்று வாரம் ஆகியும் யாரும் வரவில்லை. அதற்குள் தங்கை "கருப்பி" என்று பெயர் வைத்துவிட்டாள். 2018-ல் வந்த பரியேறும் பெருமாள் பார்த்ததிலிருந்து அவளுக்குக் கருப்பு நாய் எல்லாமே கருப்பிதான்.

எவ்வளவு சோறு போட்டாலும் விலா எலும்பு மறையவே இல்லை. அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டினோம். "நோய் எதுவுமில்லை, இதோட வாகே இப்படித்தான்" என்று பூச்சி மருந்தும் வெறிநாய்க்கடி தடுப்பூசியும் போட்டு அனுப்பினார்கள்.

அப்புறம்தான் பட்டிமன்றம் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்: "டாபர்மேனுங்க இது. வால வெட்டாம உட்டுட்டாங்க." என் வகுப்பு நண்பன், பறவை வேட்டைக்குப் போகும் பாயிண்டர் என்றான். சீனியர் ஒருவர் கிரேஹவுண்ட் என்று அடித்துச் சொன்னார். நான் டாபர்மேன் கட்சி. கருப்பும் செம்பழுப்பும் அப்படியே பொருந்துகிறதே!

இந்தச் செய்தி எப்படியோ பரவி, ஒரு குடோன்காரர் வந்து பார்த்தார். இரவுக் காவலுக்கு டாபர்மேன் வேண்டுமாம். எட்டாயிரம் ரூபாய் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன் என்றார். எனக்குச் செமஸ்டர் பீஸ் கட்ட அப்போது பத்து நாள்தான் இருந்தது. வீட்டில் யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் மனதிலும் அந்தக் கணக்குதான் ஓடியது.

சனிக்கிழமை ராத்திரி அப்பா கருப்பியின் முதுகைத் தடவிக்கொண்டே, "டாபர்மேன்தான்னு எத வெச்சு சொல்ற கண்ணு?" என்று கேட்டார்.

"கலர் அப்படியே இருக்குதுங்கப்பா."

"கலர்ல என்ன இருக்குது? எந்தத் துணிக்கு வேணும்னாலும் எந்தச் சாயத்த வேணும்னாலும் ஏத்தலாம். துணிய இழுத்துப் பாரு, ஓரத்தப் பாரு, எடையப் பாரு. கலர கடைசியாப் பாரு."

அப்பா தினமும் செய்வது அதுதான். சிங்கிள் ஜெர்சி என்றால் வெட்டிய ஓரம் சுருளும். இன்டர்லாக் சுருளாது. ரிப் துணி அகலவாக்கில் நன்றாக இழுபடும். ரவுண்ட் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி எடை போட்டு, அந்த கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும். சிவப்போ நீலமோ, பின்னல் பொய் சொல்லாது.

சரி என்று நெட்டில் உட்கார்ந்து, கலரை மறந்துவிட்டு உடம்பை மட்டும் பார்த்தேன்.

டாபர்மேன் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் காவலுக்காக உருவாக்கிய நாய். பக்கவாட்டில் பார்த்தால் நீளமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று, சதுரமாக இருக்கும். கழுத்தும் நெஞ்சும் கனம். கருப்பிக்கு நெஞ்சு ஆழம், ஆனால் குறுகல். வயிறு முதுகோடு ஒட்டி மேலே ஏறியிருக்கும். இடுப்புக்கு மேல் முதுகு லேசாக வில் மாதிரி வளையும். அப்பா பாஷையில் சொன்னால் கலர் ஒன்று, பின்னல் வேறு.

பாயிண்டர் இங்கிலாந்து வேட்டைக்காரர்கள் வளர்த்த நாய். கௌதாரி மாதிரி புதரில் பதுங்கும் பறவையை மோப்பத்திலேயே கண்டுபிடித்து, மூக்கை அந்தப் பக்கம் நீட்டி, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றுவிடும். மூக்குதான் அதற்குப் பிழைப்பு. அதனால் அகலமான மூக்குத் துவாரம், ஆழமான வாய், தொங்கும் காது. கருப்பி இதற்கு நேர் எதிர். புல்லில் பிஸ்கட்டைப் போட்டால் தேடத் தெரியாமல் முழிக்கும். ஆனால் தெருக்கோடியில் அணில் ஓடினால் முதலில் பார்ப்பது அதுதான்.

கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள் தனி வகை. கிரேஹவுண்ட் அதில் ஒன்று, அதனால் சீனியர் சொன்னது மட்டும்தான் கொஞ்சம் கிட்ட வந்தது. இந்த வகை நாய்கள் முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு காலும் தரையை விட்டு எழும்பும். உடம்பை வில்லாக மடக்கும்போது ஒரு தடவை, நீட்டும்போது ஒரு தடவை. அதற்குத்தான் அந்த ஒட்டிய வயிறும் வளையும் முதுகும். நாங்கள் பட்டினி என்று நினைத்தது பட்டினியே இல்லை! ஆனால் கிரேஹவுண்டுக்கு இந்தப் பொட்டு வைத்த கருப்பு வழக்கமில்லை. இப்போதுதான் கலர் உதவிக்கு வருகிறது.

மறுநாள் காலை அப்பா கம்பெனி வாட்ச்மேன் தாத்தாவைக் கூட்டி வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து, தோலைக் கிள்ளி இழுத்துப் பார்த்தார். வாலை நுனிவரை உருவினார். மெல்லிய சாட்டை மாதிரி வால். அப்புறம் சிரித்தார்.

"எங்க ஊர்ப் பக்கத்து நாயில்லா இது! கன்னி, தம்பி."

முயல் வேட்டைக்கு வளர்த்த நாய் என்றார். கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பதும் உண்டாம். பால்வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாகக் கனமாக இருந்தால் ராஜபாளையம். அகல மண்டை, கருத்த வாய், செந்நிறத்தில் முறுக்கான உடம்பு என்றால் தேனிப் பக்கத்துக் கோம்பை. இதே ஒல்லி வாகில் செம்பழுப்போ சாம்பலோ என்றால் சிப்பிப்பாறை. கருப்பில் பொட்டு என்றால் கன்னி. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒரே நாய்தான், நிறம்தான் வேறு என்பவர்களும் உண்டு, தனித்தனி என்று சண்டை போடுபவர்களும் உண்டு.

"கட்டிப் போட்டு வளக்காதீக. சீணிச்சுப் போயிரும்" என்றும் சொன்னார்.

சாயங்காலம் குடோன்காரர் பணத்தோடு வந்தார். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தால் போதும், எட்டாயிரம். அப்பா சும்மா இருக்கவில்லை.

"இது டாபர்மேன் இல்லீங்க. கன்னிங்கறாங்க. நம்ம நாட்டு நாய். சங்கிலில கட்டி வெச்சா சரிப்படாதுங்க."

"நாட்டு நாயா? அதுக்கெதுக்குங்க எட்டாயிரம்? தெருவுலயே ஓசில கெடைக்குமே!" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு அப்பா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். "யாருக்குங்கப்பா தெரியப் போகுது?" என்று கேட்டே விட்டேன். "எனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சே தப்பான பீஸைப் பாஸ் பண்ணச் சொல்றியா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். பீஸ் கட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்பா கம்பெனிக்குப் போனார். அம்மா வீட்டுக்கே பிசிறு வெட்டும் வேலை வாங்கி வந்தார்.

'ஓசி' நாய் பற்றி அப்புறம் நிறையப் படித்தேன். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் உண்டு. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். தியடோர் பாஸ்கரன் 2017-ல் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இவ்வளவு இருந்தும் எங்கள் தெருவில் ஒருவர்கூட 'கன்னி' என்று சொல்லவில்லை. நான் உட்பட. டாபர்மேன், பாயிண்டர், கிரேஹவுண்ட் எல்லாம் வாயில் வந்தது. இருநூறு சொச்சம் கிலோமீட்டர் தூரத்து நாய் வரவில்லை.

முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். இருக்க வேண்டியதுதான். ஆனால் வேலை போனால் வேலைக்காக வந்த உடம்பையும் மறந்துவிடுகிறோம் போல.

கருப்பிக்குச் சர்டிபிகேட் கிடையாது. ஒரு தாத்தாவின் விரல்கள்தான் சாட்சி. இப்போது தினமும் காலையில் நானும் தங்கையும் அதை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி சைட்டுக்குக் கூட்டிப் போய் அவிழ்த்து விடுகிறோம். போன ஞாயிறு அப்பாவும் வந்தார். கருப்பி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரே ஓட்டம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல துணி கண்ணு."