மஞ்சளும் இளஞ்சிவப்பும்

பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் நீரை இரவும் பகலும் இறைத்துத் தணிக்காவிடில் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் பொங்கிவிடும் என்பதனால், 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது முதல் நெய்வேலிப் பிரதேசத்தாருக்கு நிலத்தடி நீரைப் பற்றிய சிந்தனை நித்திய விஷயமாகிவிட்டது. அந்நிறுவனம் பரவனாற்றுக்கு வெட்டிய மாற்றுக் கால்வாய்க்காக 2023 ஜூலையில் நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய வளையமாதேவி கிராமத்தில், குழாயில் வரும் தண்ணீரையும் ஒருவர் ஐயத்தோடு பார்த்தால் அதில் வியப்பென்ன?

அந்த ஐயத்தைத் தீர்க்கும் வழி சோதனையே. நீச்சல் குளம் வைத்திருப்போர் நீர்ச் சோதனைப் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாங்குவதுண்டு. மேல்நிலைத் தொட்டியின் நீரைக் குடிக்கும் நமக்கும் அவ்வொப்பீடு அவசியமே. ஏனெனில், ஈரிடத்தும் கிருமிகளை அழிப்பது குளோரின்தான். குளத்தில் அது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை எஞ்சி நிற்க வேண்டும், குடிநீரில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது நிற்க வேண்டும்.

ஆர்த்தோடோலிடின் சொட்டுகளை விட்டு, எழும் மஞ்சள் நிறத்தை வர்ண அட்டையோடு ஒத்துப் பார்ப்பது நம் நாட்டில் நெடுநாள் வழங்கிவந்த முறை. சில விநாடிகளுக்குள் பார்த்தால் தனித்த குளோரினையும், தாமதித்துப் பார்த்தால் அம்மோனியாவோடு கூடி வலிமை குன்றிய குளோரினையும் சேர்த்தே அது காட்டுவதால், அவசரமும் நிதானமும் ஒருங்கே வேண்டும் கருவி அது. அந்தத் திரவமும் உடம்பிற் படத்தகாதது. பாலின் என்னும் ஆங்கிலேய ரசாயன அறிஞர் 1957-இல் வெளியிட்ட டி.பி.டி. முறையோ, ஒரு மாத்திரைக்குத் தனித்த குளோரினையும் மற்றொன்றுக்கு மொத்தத்தையும் இளஞ்சிவப்பாகக் காட்டி அவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது. ஆனால் குளோரின் மிகுந்துபோனால் அந்நிறமே வெளுத்து, நீரில் ஒன்றுமில்லை என்ற தோற்றம் உண்டாகும். அதை நம்பிப் பிளீச்சிங் பவுடரை மேலும் கொட்டுபவர் அபாயத்தைப் பெருக்குகிறார். ஐயம் எழுந்தால் வாலைவடிநீர் கலந்து மீண்டும் சோதிக்க வேண்டும். இளஞ்சிவப்பு முற்றும் மறையும் வரை சொட்டுகளை எண்ணும் வகைப் பெட்டி, நிறத்தின் சாயலை நிதானிக்கும் சிரமத்தைக் கண்ணுக்கு வைப்பதில்லை; விலை கூடினும் என் மனம் அதையே நாடுகிறது. சோதனைக் காகிதங்கள் எளியவை, ஆயினும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடி திறந்த டப்பாவை நம்புவதற்கில்லை.

வீடுகளில் காணப்படும் டி.டி.எஸ். பேனா நீரின் மின்கடத்தும் தன்மையிலிருந்து உப்பின் அளவை ஊகித்துச் சொல்லும். கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. குறைந்த எண்ணைக் கண்டு நிம்மதி கொள்ளும் தாய்மாருக்கு இதை யாரேனும் எடுத்துச் சொல்லியாக வேண்டும். மலக்கிருமி கலந்திருந்தால் ஓரிரு நாளில் நீரைக் கறுக்கச் செய்யும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பி, அந்தப் பேனாவைவிடக் குடிப்பவருக்குப் பன்மடங்கு பிரயோஜனமானது.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனையிற் பயிற்சி அளிக்க வேண்டுமென்று விதித்திருப்பது மிகவும் சிலாக்கியமான ஏற்பாடு. காலாவதியான சோதனை மருந்துகளை உரிய காலத்தில் மாற்றித் தருவதும், அப்பெண்கள் கண்ட முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைப்பதும் அத்துடன் சேர்ந்தே நடைபெற வேண்டும்.