உருக்கியும் உருக்கமும்

இடுக்கி மாவட்டத்து ஏலப்பாறையில், தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் தமிழ்ப் பெண்கள் வீட்டில் பேசுவது தமிழ். மருத்துவமனையில் பெரும்பாலும் எதிர்கொள்வது மலையாளம். உடன்பிறந்த மொழிகளாயிற்றே, புரிதலில் சிக்கல் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றலாம். ஆனால், உடன்பிறந்த மொழிகளுக்கிடையேதான் ஏமாற்றும் ஒற்றுமைகள் மிகுதி.

காசநோய்க்குத் தமிழில் வழங்கிய பழைய பெயர்களுள் ஒன்று எலும்புருக்கி. மலையாளத்தில் அஸ்தியுருக்கம் என்றால் வெள்ளைப்படுதல். இரண்டிலும் வேர் ஒன்றே: உருகு. தமிழ்ச்சொல் நோயை வினைமுதலாக்குகிறது. மலையாளச்சொல் உருகும் நிகழ்வைப் பெயராக்குகிறது. எலும்பு கரைந்து வெள்ளையாக வெளியேறுகிறது என்ற நம்பிக்கை பின்னதில் உறைந்துள்ளது. எலும்பு அவ்வாறு கரைந்து வெளியேறுவதில்லை. வெள்ளைப்படுதலும் பெரும்பாலும் இயல்பானது, அல்லது எளிதில் தீரும் தொற்றால் வருவது.

எனினும், இவ்விரு சொற்களும் மெய்யாகவே சந்திக்கும் நோய் ஒன்று உண்டு. அதுதான் பெண் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய். 1882இல் ராபர்ட் கோக் கண்டறிந்த அதே பாக்டீரியா, பெரும்பாலும் நுரையீரலில் முதலில் தங்கி, குருதிவழியே கருக்குழாய்களை அடைகிறது. அதற்குள் நுரையீரல் தொற்று அடங்கிவிட்டிருக்கலாம். இருமல் இராது, சளியில் கிருமி இராது. மாதவிலக்குக் குறைதல், அடிவயிற்று வலி, சிலருக்கு வெள்ளைப்படுதல், பலருக்குக் குழந்தையின்மை மட்டுமே அறிகுறி. கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால், ஒரு சோதனையில் அகப்படவில்லை என்பதற்காக நோயே இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

மருந்து உண்டு, வழக்கமாக ஆறு மாதம், அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, தழும்பேறி அடைபட்ட கருக்குழாயைப் பழையபடி ஆக்காது. தாமதத்தின் விலை அதுவே. நோயின் பெயர் தெரியாத அந்த ஆண்டுகளில் ஊர் அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறது: தமிழில் மலடி, மலையாளத்தில் மச்சி. இச்சொல்லுக்கு மட்டும் இருமொழியிலும் மொழிபெயர்ப்புச் சிக்கலே எழுவதில்லை.

பெண்கள் சொல்லாததன் அளவு எத்தகையது என்பதை ராணி பங்க், அபய் பங்க் உள்ளிட்டோர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் நடத்திய ஆய்வு காட்டியது. 1989இல் லான்செட் இதழில் வெளிவந்த அவ்வாய்வில், இரண்டு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்தபோது 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர்நோய் இருந்தது. அதற்கு முன் அத்தகைய பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினரே.

எனவே மருத்துவர் கேட்கும் கேள்வியின் சொல்லும் சிகிச்சையின் பகுதியாகிறது. “அஸ்தியுருக்கம் உண்டோ?” என்ற கேள்வியைத் தமிழ்க்காது எலும்புருக்கி என்று கேட்டால், “அதெல்லாம் இல்லை” என்று அஞ்சி மறுக்கவே தோன்றும். “வெள்ளை படுகிறதா? தூரம் முன்பைவிடக் குறைந்திருக்கிறதா? வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா?” என்று கேட்டால் விடை வேறாகலாம்.

எல்லைப்புறத் தமிழை ஆராய்வோர் உறவுமுறைச் சொற்களையும் வேளாண் சொற்களையும் ஆர்வத்துடன் திரட்டுகின்றனர். பெண்கள் தம் உடலைக் குறிக்கும் சொற்களையும், அவற்றின் மலையாள இணைகளையும் அதே அக்கறையோடு திரட்டி மருத்துவமனை மேசையில் வைத்தால், அச்சொல்லடைவு நூலகத்தில் உறங்காது. உரிய காலத்தில் ஒரு பெண்ணைச் சோதனைக்கு அனுப்பும்.