முற்றும் எச்சமும்

கதை எழுதுகிறவனுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். ஒரு கடிதம் என்னைக் கட்சி மாற்றிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் வினைமுற்று, வினையெச்சம், பெயரெச்சம் என்று உருப்போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். 'வந்தான்' என்றால் முற்று, விஷயம் முடிந்தது. 'வந்து', 'வந்தால்', 'வந்தும்' என்றால் வினையெச்சம், கேட்கிறவர் 'அப்புறம்?' என்று காத்திருக்கிறார். 'வந்த' என்றால் பெயரெச்சம், 'யார்?' என்று காத்திருக்கிறார். இங்கிலீஷில் முக்கியமான சமாசாரத்தை முதலில் சொல்லிவிட்டு ஏன், எப்போது என்ற விவரங்களை ரயில் பெட்டிகள் மாதிரிப் பின்னால் கோத்துக்கொண்டே போகலாம். தமிழில் எஞ்சின் பெரும்பாலும் கடைசியில்தான். சார்ந்து நிற்கும் பெட்டிகளெல்லாம் முன்னால் போக, வினைமுற்று பின்னாலிருந்து தள்ளுகிறது.

இதில் அபாயங்கள் உண்டு. எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கினால், முற்று வந்து சேர்வதற்குள் யாரைப் பற்றிப் பேச்சு என்பதே மறந்துபோகும். இன்னொன்று, உறவு மயங்குவது. 'புலிகொல் யானை' என்று பழைய உரையாசிரியர்கள் ஓர் உதாரணம் காட்டுவார்கள். செத்தது எது? 'புலியைக் கொன்ற யானை' என்று ஓர் உருபைச் சேர்த்தால் யானை பிழைத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் திருத்திவிடக்கூடிய குறைகள். நான் சொல்ல வந்தது குறையே இல்லாத ஒரு வாக்கியத்தைப் பற்றி.

அம்மா காலமான மறுநாள், வடக்கே வேலையிலிருந்த தம்பிக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு தந்திகள் கொடுத்தும் அவன் வரவில்லை. மனசு கொதித்துக்கொண்டிருந்தது. இப்படி முடித்தேன்: 'அம்மா கடைசிவரை உன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தும் நீ வரவில்லை.'

என் மனைவி வாங்கிப் படித்தாள். அவளுக்கு எச்சமும் தெரியாது, முற்றும் தெரியாது.

"எல்லாம் நிஜந்தான். ஆனால் கடைசியில் 'வரவில்லை' என்று நிற்கிறதே! அதோடுதானே உங்கள் தம்பி காகிதத்தை மடிப்பார்?" என்றாள்.

வெகு நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறு காகிதம் எடுத்து எழுதினேன்: 'நீ வராவிட்டாலும் அம்மா கடைசிவரை உன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள்.'

அதே அம்மா, அதே தம்பி, அதே இரண்டு உண்மைகள். முற்றாக இருந்தது எச்சமாயிற்று. எச்சமாக இருந்தது முற்றாயிற்று. முதல் வாக்கியத்தில் நான் அவனுக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். இரண்டாவதில் அம்மாவின் குரலை அவனிடம் சேர்த்தேன். எதை முற்றில் வைக்கிறோமோ அதற்கே நாம் கையெழுத்துப் போடுகிறோம் என்று அன்றுதான் புரிந்தது.

பத்தாம் நாள் காரியத்துக்கு முன்பாகவே தம்பி வந்துவிட்டான். இரவு திண்ணையில் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அந்த 'வராவிட்டாலும்' என்கிற இடத்தையும் படித்தேன், அண்ணா" என்றான்.

எச்சத்தில் ஒளித்தால் தெரியாது என்று நினைத்திருந்தேன்.