கன்று வாங்குமுன் கிணற்றுத் தண்ணியைக் குடித்துப் பார்

பூக்கொடி வாங்கக் கடைக்குப் போகுமுன் உன் வளவுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஒரு வாய் குடித்துப் பார், மகள். மாரியில் குடித்துப் பார்த்துப் பயனில்லை. அப்போது எல்லாக் கிணறும் இனிக்கும். ஆகஸ்ட் கடைசியில், மணல் சுடுகிற நாளில் குடி. நாக்கில் கரிப்புத் தட்டினால் உன் கைப்பேசியில் இருக்கிற கொடிப் படங்களில் பாதியை அழித்துவிடலாம்.

நம்முடைய கற்பிட்டிக் குடாநாடு மேற்கே கடலும் கிழக்கே களப்புமாக நடுவில் கிடக்கிற மணல் திட்டு. நாம் அள்ளுகிற நல்ல தண்ணி எந்த ஆற்றிலிருந்தும் வந்ததல்ல. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. உப்புத்தண்ணி பாரம், மழைத்தண்ணி லேசு, அவ்வளவுதான் விஷயம். மோட்டரைப் போட்டு விடாமல் இழுத்தால் கீழே உள்ளது மேலே ஏறும். அதனால்தான் பள்ளிவாசல்துறையில் இந்த வளவில் மல்லிகை செழித்து நிற்க, வேலிக்கு அந்தப் பக்கம் அதே மல்லிகையின் இலை ஓரமெல்லாம் கருகிக் கிடக்கும். மண் ஒன்றுதான், கிணறு வேறு.

உப்பு மட்டுமல்ல. இந்தப் பக்கம் வெங்காயம், மிளகாய், புகையிலை என்று காலம் காலமாகத் தோட்டம் செய்து உரம் கொட்டியிருக்கிறோம். மணல் எதையும் பிடித்து வைக்காது. போட்ட யூரியாவில் பெரும்பங்கு கிணற்றுக்குப் போய்விட்டது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. அதைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டில் இருப்பதை ஆய்வு செய்தவர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கத் தோட்டக் கிணற்றுத் தண்ணியை எடுக்காதே என்று நான் சண்டை பிடிப்பது இதனால்தான். கொடிக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. தழைச்சத்து கூடினால் மல்லிகை இலையாகவே விடும், மொட்டு வைக்காது. "பச்சைப் பசேல் என்று நிற்கிறது, பூதான் இல்லை, இன்னும் கொஞ்சம் யூரியா போடவா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: உன் கிணறே அதைப் போட்டுக்கொண்டிருக்கிறது, நீ சும்மா இரு.

அடுத்தது காற்று. மே பிறந்தால் சோழகம் எழும்பும், செப்டெம்பர் வரை ஓயாது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடல் மேல் ஓடுவதற்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் கண்டக்குழிக்கு வருவதே அந்தக் காற்றுக்காகத்தான். கொடிக்கு அது எமன். தளிரை முறிக்கும், உப்புத் தூறலைக் கொண்டுவந்து இலையில் பூசும், கடைசியில் மிஞ்சுகிற வாசனையையும் அள்ளிக்கொண்டு களப்புக்குப் போய்விடும். வாசனை தங்க வேண்டுமானால் காற்று அடங்கிய மூலை வேண்டும். உன் வீட்டின் கிழக்குச் சுவருக்கும் கிணற்றடிக்கும் இடையில் ஒரு மூலை இருக்கிறதே, நீ விறகு அடுக்கி வைத்திருக்கிறாய், அதுதான் அந்த இடம். விறகை வேறெங்காவது வை.

இனி எந்தக் கொடி என்று பேசலாம். கடைக்காரர் நிறத்தைக் காட்டுவார். நீ நேரத்தைக் கேள். எந்தப் பூ எத்தனை மணிக்கு மணக்கும் என்று பார்த்து, அந்த நேரத்தில் நீ எங்கே இருப்பாய் என்று யோசி. காலையில் எட்டு மணிக்கு மணக்கிற பூவை வைத்துவிட்டு ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறவள் என்ன கண்டாள்?

குண்டுமல்லிகை அந்திக்குரியது. மொட்டு பகலில் பருத்து நிற்கும், மஃரிபுக்குப் பாங்கு சொல்லுகிற நேரத்தில் வாய் திறக்கத் தொடங்கும். வெள்ளைப் பூக்கள் இருட்டில் மணப்பது நமக்காக அல்ல, இரவில் பறக்கிற அந்துப்பூச்சிகளுக்காக. நாம் இடையில் புகுந்து அனுபவிக்கிறோம். பறித்த பிறகும் இந்த மொட்டு வாசனையை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் என்பது இதன் அதிசயம். சீனாவில் ஃபூஜோ நகரத்தார் இதை வைத்துத்தான் மல்லிகைத் தேயிலை செய்கிறார்கள். பகலில் பறித்த மொட்டைத் தேயிலையோடு கலந்து வைத்தால், ராத்திரி அது விரிய விரியத் தேயிலை மணத்தைக் குடித்துக்கொள்ளும். உலகத்துக்கே தேயிலை விற்கிற நாட்டில் இருந்துகொண்டு நம் வீடுகளில் நாம் இதைச் செய்து பார்த்ததில்லை. நீ செய்து பார். அஸருக்குப் பிறகு பறித்த ஒரு கைப்பிடி மொட்டு போதும், காலையில் பூவைப் பொறுக்கி எறிந்துவிடு.

பிச்சி வேறு குணம். மொட்டின் முதுகில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும். இதைச் சுபஹுக்குப் பிறகு, வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பூ இதுதான். ஒரு கிலோ சேர 8,000 முதல் 10,000 பூ வரை பறிக்க வேண்டும். வாசனைக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் கருத்து. என்றாலும் உனக்கு முதல் கொடியாக இதைச் சொல்லமாட்டேன். குண்டுமல்லிகை தாங்குகிற தாகத்தை இது தாங்காது.

முல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. பாரி தேரைக் கொடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். எல்லாரும் வள்ளலைப் புகழ்கிறார்கள். நான் வருஷக்கணக்காகக் கொடி கட்டுகிறவள், எனக்கு வேறு கவலை. முல்லைக்குச் சுருண்டு பிடிக்கிற பற்றுக்கம்பி கிடையாது. தேரை விட்டுவிட்டுப் போனால் போதாது, யாராவது ஒருவர் கூடவே நின்று தும்புக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். குண்டுமல்லிகையும் அப்படித்தான். உண்மையில் அது பாதி செடி, பாதி கொடி. கட்டினால் ஏறும், விட்டால் சரிந்து தரையில் படரும்.

தானாக ஏறுகிற கொடி வேண்டுமென்றால் ரங்கூன் மல்லிகை. அந்தியில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் சிவந்துவிடும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். நம் மணலையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதன் பாரம் உனக்குத் தெரியாது. முற்றின கொடி ஏழெட்டு மீற்றர் ஏறி, ஓட்டுக்குள் நுழைந்து ஓட்டையே தூக்கிவிடும். அடியிலிருந்து புதுக்கன்றும் விட்டுக்கொண்டே போகும். வேலியோரத்துப் பூவரசில் ஏற்றிவிடலாம், வீட்டில் ஏற்றாதே. குருக்கத்தியை யாராவது கொண்டுவந்து தந்தால் கும்பிட்டுத் திருப்பிக் கொடு. வாசனை அருமைதான், ஆனால் உலகத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று போட்ட பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. ரியூனியன் தீவில் காட்டு மரங்களையே மூடிக் கொன்றிருக்கிறது. பத்துப் பேர்ச் வளவில் அதற்கு என்ன வேலை?

மனோரஞ்சிதம் பொறுமைசாலிக்கு. பூக்காம்பே கொக்கியாக வளைந்து கிளையைப் பிடித்துக்கொள்ளும். பச்சையாக இருக்கும்போது பூ எங்கே இருக்கிறதென்றே தெரியாது. மஞ்சளிக்கும்போது பழுத்த பழத்தின் மணம் வரும். பாம்பு வரும் என்று உன் மாமி சொல்லுவாள். மாமியோடு வாதாடாமல், அடியில் சருகு சேரவிடாமல் கூட்டி வை. பாம்பு வருவது சருகிலே ஒளிந்திருக்கும் எலிக்கும் தவளைக்கும்தான்.

என் பேச்சைக் கேட்டால் முதலில் ஒரே ஒரு குண்டுமல்லிகை. அதுவும் கடையில் வாங்காதே. மழை ஓயாத ஊர்களில் நிழல்வலைக்குக் கீழே வளர்த்த கன்று நம் கிணற்றைக் கண்டதும் சுணங்கிப் போகும். நம் தெருவிலேயே, உன் கிணற்றைவிடக் கரிப்பான கிணற்றில் பூக்கிற மல்லிகை எந்த வளவில் நிற்கிறது என்று பார். அந்த வீட்டுக்குப் போய் ஒரு பதியம் கேள். கேட்கக் கூச்சப்படாதே. புது வீட்டுக்காரி பக்கத்து வளவுக்குள் நுழைய இதைவிட நல்ல சாட்டு கிடைக்காது. நிலத்தை ஒட்டிய ஒரு கிளையை வளைத்து, கணுவில் லேசாகக் கீறி, மண்ணுக்குள் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வா. இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடித்துவிடும். அந்த இரண்டு மூன்று மாதமும் எட்டிப் பார்க்கிற சாட்டில் நீ அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருப்பாய்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த நம் சனம் இந்தக் குடாநாட்டில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்த நாட்களில், குளிக்கிற இடத்துத் தண்ணி ஓடுகிற வழியில் மல்லிகைத் தடி ஊன்றிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். "அடுத்த மாதம் ஊருக்குப் போயிடுவோம், ராத்தா" என்று சொல்லிக்கொண்டேதான் ஊன்றினார்கள். நிலம் அவர்களுடையதல்ல, தண்ணி வரிசையில் நின்று பிடித்தது. பூத்தபோது பறித்து, யாருடைய பிள்ளைக்குக் கலியாணமோ அந்தக் கொட்டிலுக்குக் கொடுத்தார்கள். மதில் கட்டி முடிந்த பிறகு, கடன் அடைந்த பிறகு வைக்கலாம் என்று நீ தள்ளிப்போடும்போது எனக்கு அந்தக் கொட்டில்கள்தான் ஞாபகம் வருகின்றன.

குழி வெட்டுவதில் கஞ்சத்தனம் கூடாது. ஒன்றரை அடி ஆழம், அதே அகலம். அடியில் தேங்காய்ப் பொச்சு மட்டையை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கு. தென்னந்தோட்டக்காரர்கள் மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கப் பழங்காலமாகச் செய்கிற வேலை இது. களப்பில் ஊறிய மட்டையை எடுத்துவிடாதே, உப்பு இருக்கும். மேலே மக்கின ஆட்டெருவும் கொஞ்சம் செம்மண்ணும். பந்தல்காலைக் கன்றுக்கு முன்பே நட்டுவிடு. வேர் ஓடின பிறகு அலவாங்கைக் கொண்டுவந்து குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சுற்றிலும் கம்பி வலை கட்டாயம் வேண்டும். நம் ஊர் ஆடும் சரி, கட்டாக்காலிக் கழுதையும் சரி, பூ மணக்கட்டும் என்று காத்திருக்காது.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பயந்துவிடாதே. நம் மணலில் சிப்பிச் சுண்ணாம்பு அதிகம். இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. லீற்றருக்கு ஐந்து கிராம் இரும்புச் சல்பேற்றுக் கரைத்து மாலையில் இலையில் தெளி. கோடையில் இலையின் அடிப்பக்கம் நூலாம்படை கட்டினால் அது செஞ்சிலந்தி. நல்ல தண்ணியை அடியிலிருந்து மேலே பீய்ச்சினாலே பாதி போய்விடும்.

வெட்டுவதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கப்போகிறது. உன் உம்மாவும் இப்படித்தான், கத்தரியைக் கண்டாலே மல்லிகைக்கு முன்னால் வந்து நிற்பாள். மல்லிகை புதுத் துளிரில்தான் பூக்கும். தமிழ்நாட்டில் குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் நிலத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் விட்டு மொத்தமாக வெட்டிவிடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் இந்த வெட்டுக்குத் தப்பவில்லை. நமக்கு நவம்பர் சரிவராது, மழை கொட்டும், வெட்டுவாய் அழுகும். ஜனவரியில் மழை விட்டதும் வெட்டு. அதற்கு முன் சில நாள் தண்ணி நிறுத்து. வெட்டின பிறகு எரு வைத்துத் தண்ணி விட்டால், நோன்போ கலியாணமோ எது முந்தினாலும் வீட்டில் பூ இருக்கும். வீட்டுக்காரர் "மொட்டையடித்துவிட்டாயே" என்று கத்துவார். கத்தட்டும்.

மழைக்கு முன், செப்டெம்பரிலேயே குழியை வெட்டி ஆறப்போடு. பதியத்துக்கு யாரைக் கேட்பதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் என்னிடமே இரண்டு வேர் பிடித்து நிற்கின்றன. என் கிணறு உன்னுடையதைவிடக் கரிப்பு. வெள்ளிக்கிழமை வரும்போது அடியில் துளை போட்ட பழைய பெயின்ற் வாளி ஒன்று கொண்டு வா. போன தடவை கொடுத்த வாளியே இன்னும் திரும்பி வரவில்லை.